ஜீவனாம்ச உத்தரவை ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுக்கும்போது: எந்தத் தாள், எவ்வளவு, எதை மறைக்கலாம்?

கேள்வி சுருக்கமாக: "அக்காவுக்கு 34 வயது. குடும்ப நீதிமன்றத்தில் எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) போட்டு, அவருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து மாதம் 6,000 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவாகியிருக்கிறது. மாமா நினைத்தால் கட்டுவார், இல்லாவிட்டால் இல்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால், ஜட்ஜ்மெண்டை முழுசாகக் கொண்டுவரச் சொல்கிறார் வி.ஏ.ஓ. அதில் அக்காவைப் பற்றி அவர் தரப்பு சொன்ன அசிங்கம் எல்லாம் இருக்கிறது. கொடுத்தே ஆகவேண்டுமா? கொடுக்காவிட்டால் மறைத்ததாக ஆகிவிடுமா?"

முழுத் தீர்ப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஜீவனாம்ச உத்தரவு இருக்கிறது என்பதையும் எவ்வளவு பணம் வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அசிங்கம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு இருப்பதையே சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. அதிகாரி கேட்டுவிட்டார் என்று அறுபது பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. முன்னவருக்குப் பின்னால் சிக்கல் வரும், பின்னவருக்கு அப்போதே வரும்.

முதலில் அதிகாரிக்கு என்ன தேவை என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த ஓய்வூதியத்துக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். கணவர் கைவிட்டு 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்ததற்கு நீதிமன்றச் சான்று வேண்டும். கூடவே ஆதரவற்றவராகவும் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். ஆக அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்துதான்: இவர்தான் அந்த மனுதாரரா, எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறார், எவ்வளவு உத்தரவாகியிருக்கிறது, கையில் எவ்வளவு வருகிறது, உத்தரவு இன்னும் நடப்பில் இருக்கிறதா. குறுக்கு விசாரணையில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதில் இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட விடை கிடையாது.

இனி தாள்களுக்கு வருவோம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் எச்.எம்.ஓ.பி. (அந்தச் சட்டப்படியான மனு) போட்டு 25ஆம் பிரிவில் ஜீவனாம்சம் வாங்கியிருந்தால், தீர்ப்பு தனி, தீர்ப்பாணை தனி. தீர்ப்பாணை, அதாவது டிக்ரி, பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கத்துக்குள் முடிந்துவிடும். தரப்பினர் பெயர், வழக்கு எண், மனு தேதி, நீதிமன்றம் என்ன உத்தரவிட்டது என்பது மட்டும் இருக்கும். கதை இருக்காது. ஐ.ஏ. (வழக்கு நடக்கும்போது போடும் இடைமனு) போட்டு 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் வாங்கியவர்கள் நகல் மனு போடும்போது 'பேர் ஆர்டர்' (காரணங்களோடு உள்ள முழு உத்தரவு) வேண்டுமா 'டிக்ரீட்டல் ஆர்டர்' (முடிவு மட்டும் உள்ள தாள்) வேண்டுமா என்று எழுத வேண்டும். வழக்கறிஞரின் குமாஸ்தா வழக்கப்படி இரண்டையும் சேர்த்தே போடுவார், அதனால் தப்பில்லை. அலுவலகத்துக்குப் போக வேண்டியது டிக்ரீட்டல் ஆர்டர் மட்டும்.

உங்கள் அக்காவுடையது எம்.சி. என்பதால் கொஞ்சம் மாறுபடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. இதில் பொதுவாகத் தனியாக டிக்ரி போடுவதில்லை, ஒரே உத்தரவுதான். அதில் இரண்டு பக்கம் போதும்: தரப்பினர் பெயரும் வழக்கு எண்ணும் உள்ள முதல் பக்கம், 'எதிர்மனுதாரர் மனுதாரருக்கு மாதந்தோறும் இவ்வளவு, இந்தத் தேதியிலிருந்து செலுத்த வேண்டும்' என்று முடியும் கடைசிப் பக்கம். நீதிபதி கையெழுத்தும் நகல் பிரிவின் முத்திரையும் கடைசிப் பக்கத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முத்திரை உள்ள பக்கத்தையும் சேருங்கள். சான்றிட்ட நகல் தொலைந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். 147ஆம் பிரிவின்படி, முன்பு 128, ஜீவனாம்ச உத்தரவின் நகலை யாருக்குச் சாதகமாக உத்தரவானதோ அவருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கிய உத்தரவுக்கும் 24ஆம் பிரிவில் இதே வசதி உண்டு.

ஐந்து ஆண்டுக் கணக்குக்கு அந்த முதல் பக்கமே பல நேரம் கைகொடுக்கும். எம்.சி. எண்ணோடு வருகிற ஆண்டைப் பார்த்தாலே, அந்த ஆண்டிலேயே ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போகிற நிலையில் இவர் இருந்தார் என்பது தெரியும். அது போதவில்லை, பிரிந்த ஆண்டு இன்னும் முந்தையது என்றால், பிரிந்த தேதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கும் பத்தி உள்ள பக்கத்தை மட்டும் மூன்றாவதாகச் சேருங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜீவனாம்ச உத்தரவு விவாகரத்தும் ஆகாது, சட்டப்படியான பிரிவும் ஆகாது. விண்ணப்பத்தில் 'சட்டப்படி பிரிந்தவர்' என்ற இடத்தில் டிக் போட்டு எம்.சி. உத்தரவை ஆதாரமாகக் கொடுத்தால் தள்ளுபடி ஆகும். 'கைவிடப்பட்டவர்' என்ற வகையில்தான் போக வேண்டும்.

முழுத் தீர்ப்பு ஏன் போகக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனைவி வேறொருவரோடு தொடர்பில் வாழ்கிறார் என்று நிரூபித்தால் 144ஆம் பிரிவில் ஜீவனாம்சமே கிடையாது. அதனால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்தக் குற்றச்சாட்டை வழக்கமாகவே எழுதிவிடுவார்கள். நீதிமன்றம் அதை நிராகரித்திருந்தாலும், நிராகரிப்பதற்கு முன் அதை விவரித்துத்தானே ஆகவேண்டும்? வழக்கில் ஜெயித்த பெண்ணின் தீர்ப்பிலும் அவர் மேல் எறிந்த சேறு முழுசாக இருக்கும். தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் விபோர் கார்க் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, போன் பேச்சின் எழுத்து வடிவமும் கோப்புகளில் சேர்ந்துகொண்டே போகும். கிராமத்து அலுவலகத்தில் அந்தத் தாளை முதலில் படிப்பவர் வி.ஏ.ஓ.வாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இன் 11ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கு விவரங்களை அச்சிடுவதையும் வெளியிடுவதையும் தடுக்கிறது. அதிகாரியிடம் ஒரு நகல் கொடுப்பது 'வெளியிடுவது' ஆகாது, உண்மைதான். அதனால் இந்தப் பிரிவுகளைக் காட்டி அதிகாரியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நீதிமன்றமே மூடிய அறையில் கேட்ட விஷயம், திறந்த கோப்பில் கிடக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்ல அவை உதவும்.

தீர்ப்பைவிட ஒரு படி மேலாகக் காக்க வேண்டியது சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த படிவத்தில் இரு தரப்பும் வருமானம், வங்கிக் கணக்கு, சொத்து, கடன், மாதச் செலவு என எல்லாவற்றையும் எழுதித் தாக்கல் செய்கிறார்கள். உங்கள் மாமாவின் சம்பளச் சீட்டும் கணக்கு எண்ணும் அக்காவின் கையில் இருப்பது வழக்குக்காக மட்டுமே. அதை ஓய்வூதிய விண்ணப்பத்தோடு இணைத்தால் அவருடைய அந்தரங்கத்தை நாம் மீறியதாக ஆகும், எதிர்த்தரப்புக்கு வீணாக ஒரு பிடியும் கிடைக்கும்.

இப்போது முக்கியமான இடம். உத்தரவான தொகை வருமானம் அல்ல, கைக்கு வந்த தொகைதான் வருமானம். முழு உத்தரவையும் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், விசாரிப்பவர் 6,000 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கி 72,000 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அக்கா தையல் வேலையில் மாதம் 3,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவுப்படி கணக்கிட்டால் ஆண்டு வருமானம் 1,08,000. மாமா கடந்த ஆண்டில் நாலு மாதம் மட்டும் கட்டியிருந்தால் உண்மை வருமானம் 24,000 + 36,000 = 60,000. பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கேட்பதாக இருந்தால், கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000. முதல் கணக்கில் இரண்டு வரம்பையும் தாண்டிவிடுகிறார். இரண்டாவது கணக்கில் இரண்டுக்கும் உள்ளேதான் இருக்கிறார்.

வந்ததையும் வராததையும் காட்ட மூன்று வழி உண்டு. பணம் வங்கிக்கு வருகிறது என்றால் பன்னிரண்டு மாதப் பாஸ்புக் பதிவு. இதற்காகவே ஜீவனாம்சத்துக்கு என்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அப்போது மளிகைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்த பணம் எதுவும் அந்தப் பக்கத்தில் இருக்காது. பணம் நீதிமன்றத்தில் கட்டப்படுகிறது என்றால் அங்கே தாக்கலான மெமோவின் நகல். பணமே வரவில்லை என்றால் நிலுவை வசூல் மனுவோடு இணைத்த அட்டவணை: எந்த மாதம், கட்ட வேண்டியது, கட்டியது, பாக்கி. மூன்றில் வலுவானது கடைசிதான், ஏனென்றால் அது நீதிமன்றத்தின் முன் ஏற்கெனவே சொன்ன கணக்கு. 144(3)இன்படி நிலுவைக்கான மனுவை அந்தத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். இரண்டு வருடமாக ஒன்றுமே வரவில்லை என்று ஓய்வூதிய அலுவலகத்தில் சொல்லிவிட்டு நீதிமன்றத்தில் ஒரு மனுவும் போடாமல் இருந்தால், அதிகாரிக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

இவற்றை வைத்து அக்கா கையெழுத்தில் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: "நான் இன்ன ஊர் குடும்ப நீதிமன்றத்தில் தொடர்ந்த எம்.சி. எண் இன்னதில், இன்ன தேதியில் எனக்கும் என் மைனர் குழந்தைக்கும் சேர்த்து மாதம் ரூ. 6,000 ஜீவனாம்சம் வழங்க உத்தரவாகியுள்ளது. உத்தரவு நடப்பில் உள்ளது. கடந்த 12 மாதங்களில் எனக்குக் கிடைத்த மொத்தத் தொகை ரூ. 24,000. நிலுவைக்கு மனு செய்துள்ளேன். உத்தரவின் முதல் பக்கமும் இறுதிப் பக்கமும் இணைத்துள்ளேன். அசல் சான்றிட்ட நகலைச் சரிபார்ப்புக்கு நேரில் காட்டத் தயாராக உள்ளேன். இவ்விவரங்கள் குடும்ப வழக்கு சார்ந்தவை என்பதால் ரகசியமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். சீராய்வு மனுவோ, தொகையை மாற்றக் கேட்கும் 146ஆம் பிரிவு மனுவோ நிலுவையில் இருந்தால் 'உத்தரவு நடப்பில் உள்ளது' என்பதோடு அதையும் ஒரு வரியில் எழுத வேண்டும்.

மறைக்கும் வேலையிலும் ஒரு முறை உண்டு. சான்றிட்ட நகலின் மேல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது, போட்டால் அதன் மதிப்பே போய்விடும். ஜெராக்ஸ் எடுத்து, குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தேவையில்லாத முகவரி ஆகியவற்றின் மேல் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டி, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். கறுப்பு மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தில் பிடித்ததும் எழுத்து தெரியும். பி.டி.எஃப். கோப்பில் கறுப்புப் பெட்டி வரைவது அதைவிட மோசம், அடியில் உள்ள எழுத்தை அப்படியே காப்பி எடுக்கலாம். அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால்தான் உண்மையிலேயே மறையும். அக்காவின் பெயர், வழக்கு எண், தொகை, தேதி, முத்திரை இந்த ஐந்தையும் மறைக்கவே கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தின் மேல் சாய்வாக 'ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஆதாருக்குக் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை முதலில் கொடுத்துப் பாருங்கள். முழு எண் கட்டாயம் என்கிற இடத்தில் மட்டும் முழுசாகக் கொடுக்கலாம்.

தாலுகா அலுவலகத்தைவிட அதிகம் கசிகிற இடம் விண்ணப்பத்தைப் பதிவேற்றும் கடை. 'வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க' என்பார் கடைக்காரர். அனுப்பினால் அந்தத் தாள் அவர் போனிலும் கணினியிலும் நிரந்தரமாக இருக்கும். நீங்களே மறைத்து ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொண்டுபோய், பதிவேற்றியதும் கோப்பை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். அங்கேயே இன்னொன்று: இ-சேவையில் கேன் எண்ணோடு (விண்ணப்பிப்பவரின் பதிவு எண்) பதிந்திருக்கிற கைபேசி எண் யாருடையது? பழைய பதிவில் மாமாவின் எண் இருந்தால், ஓ.டி.பி.யும் 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்ற செய்தியும் அவருக்குப் போகும். ரேஷன் கார்டிலும் இதே கதைதான். அவரைத் தலைவராகக் கொண்ட கார்டிலேயே இன்னும் பெயர் இருந்தால், பொருள் வாங்கும்போதெல்லாம் அவர் எண்ணுக்குச் செய்தி போகும், எந்தக் கடையில் வாங்கினார் என்பது தெரிந்துவிடும். விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்த எண்களை மாற்றுங்கள். ஓய்வூதியம் சேரும் கணக்கு கூட்டுக் கணக்காக இல்லாமல் அக்காவின் தனிக் கணக்காக இருக்கட்டும். ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கி எது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நடைமுறை, அதைத் தடுக்க முடியாது. தனியாக வசிக்கிறாரா, கணவர் வந்துபோகிறாரா என்று அவர் கேட்கலாம். வழக்கில் என்ன வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வாக்குமூலத்தை அலுவலகத்தில் வந்து தருகிறேன் என்று அக்கா முந்திக்கொண்டு சொல்வது நல்லது.

அவர் மறுபடியும் முழுத் தீர்ப்புதான் வேண்டும் என்றால்? 'ஐயா, அசலைக் கொண்டுவந்திருக்கிறேன், இங்கேயே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கோப்பில் இந்த இரண்டு பக்கம் மட்டும் இருக்கட்டும்' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும், ஏனென்றால் அவருக்குத் தேவை தாளின் உண்மைத்தன்மை. வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் தனி அடையாளமான 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அவரே பார்க்கலாம், அந்த எண்ணை அறிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், எந்த விதியின்படி முழுத் தீர்ப்பு தேவை என்று எழுத்தில் கேட்டு, தனி வட்டாட்சியருக்கு ஒரு மனு, ஒப்புகைச் சீட்டோடு. அவரும் கேட்டால் மூடிய உறையில், மேலே 'ரகசியம்' என்று எழுதி, நேரில் அவர் கையில் மட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த மனுவை எழுதித் தரச் சொல்ல அதுவே போதும்.

'ரகசியமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரிக்கு வருகிறேன். மாமா தகவல் உரிமைச் சட்டத்தில், 'இன்னாருக்கு ஓய்வூதியம் வருகிறதா, அவர் கொடுத்த ஆவணங்களின் நகல் வேண்டும்' என்று கேட்கலாம். மூன்றாம் நபர் ரகசியமாகக் கருதிக் கொடுத்த தகவல் என்றால், 11ஆம் பிரிவின்படி தகவல் அலுவலர் 5 நாளுக்குள் அக்காவுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், அக்கா 10 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அந்த ஒரு வரி கோப்பில் இருந்தால் அலுவலருக்கு இந்தக் கடமை தானாக நினைவுக்கு வரும். தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) பிரிவும் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் திருத்தப்பட்டு, 2025 நவம்பர் முதல் இன்னும் இறுக்கமாகியிருக்கிறது. ஆனால் பயனாளிப் பட்டியலில் பெயரே வராது என்று எதிர்பார்க்க வேண்டாம். மானியத் திட்டங்களின் பயனாளி விவரங்களைத் தாமாக வெளியிடச் சொல்வதும் அதே சட்டம்தான். பெயர் தெரிவது வேறு, கோப்பு தெரிவது வேறு. நீதிமன்றக் கோப்பைப் பொறுத்தவரை, வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் நீதிமன்ற விதிகளின்படிதான் போக வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அல்ல என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதெல்லாம் செய்தாலும், ஓய்வூதியக் கோப்பைக் குடும்ப நீதிமன்றமே வரவழைத்தால் அது வந்தே தீரும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, உதவும் என்று கருதும் எந்த ஆவணத்தையும் ஏற்றுக்கொள்ள அனுமதிக்கிறது. அதனால்தான் வருமானப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிய தையல் வருமானமும், வருமானச் சான்றுக்குச் சொன்னதும், ஓய்வூதிய அறிக்கையில் எழுதியதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் அதை வழக்கறிஞரிடம் சொல்லி, அடுத்து தாக்கல் செய்யும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதேபோல் மாமா திடீரென்று நிலுவையை மொத்தமாகக் கட்டினாலோ, தொகை கூடினாலோ குறைந்தாலோ, தனி வட்டாட்சியருக்கு ஒரு கடிதம், கூடவே புதிய உத்தரவின் முதல், கடைசிப் பக்கங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.